தமிழுக்கு முதல் தங்கத் தாமரை வாங்கித் தந்த பாலக்காட்டுக்காரர்: கே.எஸ். சேதுமாதவன்

எல்லைக்கல் (கொழிஞ்சாம்பாறை, கேரளா)

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் வாசகசாலையில் ஒரு வினாடி வினா. கேள்வி இதுதான்: சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையை முதலில் வாங்கிய தமிழ்ப் படம் எது, இயக்கியவர் யார்? ஒரு அணி பாலசந்தர் என்றது. இரண்டு அணி பாலு மகேந்திரா. ஒரு பையன் கொஞ்சமும் யோசிக்காமல் மணிரத்னம் என்றான். கேள்வி கேட்டவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து 'காஞ்சிவரம்' என்று அறிவித்தார்.

நான் பின்வரிசையிலிருந்து எழுந்து, "அது 2007-ஆம் ஆண்டுக்கான விருதுங்க. அதற்குப் பதினேழு வருசம் முன்னாடியே 'மறுபக்கம்' வாங்கிவிட்டது. இயக்கம் கே.எஸ். சேதுமாதவன்" என்றேன். "அட்டையில இப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த கேள்வி கிரிக்கெட்.

எனக்கு வந்த கோபம் மார்க்குக்காக இல்லை. அந்த மனிதர் பிறந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. 1931 மே 15, பாலக்காடு. அப்போது அது மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா. (நம் சித்தூர் தாலுகா அன்றைக்குக் கொச்சி ராஜ்ஜியம் என்பதால் அவர் நமக்கு வெளிநாட்டுக்காரர், அது வேறு கதை.) சின்ன வயதில் கொஞ்ச காலம் தமிழ்நாட்டு வட ஆற்காட்டுப் பக்கம் இருந்தார். படிப்பு பாலக்காடு விக்டோரியா கல்லூரி. அப்புறம் சினிமா. மலையாளம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று எடுத்தவர், இயக்குநராகத் தொடங்கியது இவை எதிலும் இல்லை, சிங்களத்தில். 2021 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார், 90 வயது.

இத்தனை செய்தவர் பெயர் தமிழ்க்காரன் வாயில் ஏன் ஒட்டவில்லை? எனக்கு ஒரு பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் இந்த இழையில் உங்கள் பக்கத்துக் கதைகளைப் போடுங்கள்.

கருப்பட்டி காபி (பொள்ளாச்சி)

அண்ணா, உண்மையைச் சொன்னால் நானும் பாலு மகேந்திரா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் பாலு என்று சொன்னவர்கள் ரொம்ப தூரம் போகவில்லை. 1974-ல் சேதுமாதவன் எடுத்த 'சட்டக்காரி'க்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திராதான். பாதி மார்க் கொடுக்கலாம்.

எல்லைக்கல்

பாதி மார்க் கொடுத்தாச்சு.

ரீல்பெட்டி (வேலந்தாவளம்)

தம்பிகளா, நான் இந்த இடத்தில் அதிகம் எழுதுகிறவன் இல்லை. என் மகள்தான் இதைக் காட்டினாள், அவளே டைப் அடிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுத்தைத் திருத்துகிறாள், பேச்சுவழக்கு போச்சென்று என்னைத் திட்ட வேண்டாம்.

எனக்கு அப்போது பதினேழு வயது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ஆபரேட்டருக்கு எடுபிடி. கொட்டகை பெயர் வேண்டாம், ஓனர் குடும்பம் இன்னும் இருக்கிறது. ஒத்தை மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலைக் கோத்து, மறுபடியும் ஓட்ட வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை, சில நாள் நான்கு. சோடாக்காரனுக்கு அதில்தான் பிழைப்பு. கார்பன் குச்சி இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுப் பிரியும்போது வருகிற வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. நான் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் கண்ணில் மணல் போட்ட மாதிரி இருந்தது.

'நாளை நமதே' 1975-ல் வந்த படம். எங்கள் கொட்டகைக்கு வரும்போது பிரிண்ட் ஏற்கெனவே பத்து ஊர் சுற்றி, கீறல் விழுந்து மழை பெய்துகொண்டிருந்தது. படப்பெட்டி பஸ் மேல் வந்து இறங்கியது. திறந்து எண்ணினால் கடைசி ரீல் இல்லை. முந்தின ஊர்க்காரன் வேறு பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். எம்.ஜி.ஆர். படம், மண் தரையில் இடமில்லாமல் ஜனம். ஓனர் என்னைக் கூப்பிட்டு, "சைக்கிளை எடு, பஸ் ஸ்டாண்டில் பெட்டி வந்திருக்கும்" என்றார். நான் போய்த் தகர டப்பாவைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பும்வரை, படத்தை நிறுத்திவிட்டு 'அன்பு மலர்களே' பாட்டுப் பிளேட்டைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிரிந்த அண்ணன் தம்பிகளைச் சேர்த்து வைக்கிற பாட்டே அதுதானே. நான் உள்ளே வரும்போது கொட்டகையே அதைப் பாடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

சொல்ல வந்தது இது இல்லை. அன்றைக்கு டைட்டில் ஓடும்போது எம்.ஜி.ஆர். பெயருக்கு விசில். இசை எம்.எஸ். விஸ்வநாதன் என்று வந்ததும் கைதட்டல். டைரக்‌ஷன் கே.எஸ். சேதுமாதவன் என்று வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெரியவர் மட்டும் என் பக்கத்தில் நின்று, "டேய், மூணு பேரும் நம்ம பாலக்காட்டு ஆளுங்கடா" என்றார்.

ஏலப்புள்ளி மாப்பிள்ளை (வாளையாறு)

பெரியவரே, புல்லரித்துவிட்டது. எம்.எஸ்.வி. எங்கள் ஏலப்புள்ளியில் பிறந்தவர் என்று மாமனார் வீட்டில் சோறு போடும்போதெல்லாம் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். குடும்பத்துக்கு வடவன்னூர். இவரையும் சேர்த்து யோசித்ததே இல்லை. இந்திப் படத்தின் கதை, மதராஸில் எடுத்த தமிழ்ப் படம், உள்ளே மூன்று பாலக்காட்டு ஆள். நல்ல கூத்து.

நேர்கோடு (கோவை)

எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கைக் கண்டியில். வடவன்னூர் அவர் தாயார் வழி. சரியாக எழுதுங்கள்.

ஏலப்புள்ளி மாப்பிள்ளை

குடும்பத்துக்கு என்றுதானே எழுதினேன். சரி விடுங்கள்.

மட்டுறுத்துனர்

எம்.ஜி.ஆர். மலையாளியா தமிழரா என்ற விவாதம் போன வருடம் 340 பதிவு போய்ப் பூட்டு போட்ட இழை. இங்கே மறுபடி தொடங்கினால் இதுவும் பூட்டப்படும்.

நேர்கோடு

நான் ஊரை மட்டும்தான் சொன்னேன். இருக்கட்டும். ஆனால் ஒரு நேர்மையான கேள்வி. சேதுமாதவன் பெரிய இயக்குநர் என்கிறீர்கள். அவர் சொந்தமாக எழுதிய கதை எது? 'ஓடையில் நின்னு' கேசவதேவ் நாவல். 'அனுபவங்கள் பாளிச்சகள்' தகழி. 'யக்ஷி' மலயாற்றூர் ராமகிருஷ்ணன். 'அரநாழிக நேரம்' பாறப்புறத்து. 'சட்டக்காரி' பம்மன். 'ஓப்போள்' எம்.டி. வாசுதேவன் நாயர். 'மறுபக்கம்' இந்திரா பார்த்தசாரதி. 'நாளை நமதே' ரீமேக். இதில் அவருடைய கைரேகை எங்கே இருக்கிறது? ஒரு பாலசந்தர் படத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் யார் எடுத்தது என்று சொல்லிவிடலாம். இவர் படத்தைச் சொல்ல முடியுமா?

சித்தூர் டீச்சர் (சித்தூர், பாலக்காடு)

நேர்கோடு போட்ட பட்டியலை அப்படியே திருப்பி வாசிக்கிறேன். கேசவதேவின் ரிக்‌ஷாக்காரன், தகழியின் கம்யூனிஸ்ட், பாறப்புறத்தின் கிறிஸ்தவக் குடும்பத்துக் கிழவர், பம்மனின் ஆங்கிலோ இந்தியப் பெண், எம்.டி.யின் வள்ளுவநாட்டுச் சிறுவன், இ.பா.வின் கும்பகோணத்து வைதிகர். இத்தனை வீட்டுக்குள்ளும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழைந்து, அந்த வீட்டுப் பேச்சைப் பேசி, வெளியே வந்த இன்னொரு இயக்குநர் பெயர் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்து இந்தப் பழக்கம் குருவிடமிருந்து வந்தது. சேதுமாதவன் உதவியாளராக இருந்தது கே. ராம்நாத்திடம். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். 'மர்மயோகி' எடுத்தவர். அதற்கு முந்தின வருடம், 1950-ல், விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நாவலை 'ஏழை படும் பாடு' ஆக்கியவரும் அவரே. பிரெஞ்சுக் கைதி நம் ஊர்க் கைதியாக மாறி நிற்கிறதைப் பக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு, நாவலைப் படமாக்குவது குறைந்த வேலையாகத் தோன்றுமா?

'ஓப்போள்' பற்றி ஒரு விஷயம். ஓப்போள் என்றால் அக்கா, வள்ளுவநாட்டுப் பக்கத்துச் சொல். படத்தில் அந்தப் பையன் ஓப்போள் என்று கூப்பிடுகிறவள் உண்மையில் அவனுடைய அம்மா. கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, அதனால் ஊருக்கு அக்கா. இதைச் சொல்வதற்கு வசனமே தேவைப்படவில்லை. பையன் ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லும்போதும், அவளாக நடித்த மேனகா முகத்தைப் பாருங்கள். வில்லனாகவே பார்த்துப் பழகிய பாலன் கே. நாயருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது இதில்தான். எஸ். ஜானகிக்கும் இதில் ஒரு பாட்டுக்குத் தேசிய விருது. அதே 1980-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் படத்துக்கு இரண்டாவது சிறந்த படம் என்ற இடம்.

நேர்கோடு கேட்ட கைரேகை எனக்கு அங்கே தெரிகிறது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரியாது என்பது உண்மை. ஒலியோடு பாருங்கள்.

நேர்கோடு

டீச்சர், கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி இன்னும் நிற்கிறது.

கருப்பட்டி காபி

சட்டக்காரி என்ற சொல்லைப் பற்றி. எங்கள் பாட்டி போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் இருந்தவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை அவர் சொல்வதும் சட்டைக்காரங்க என்றுதான். கவுன் போட்ட சட்டைக்காரி கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்துவிடுவாள் என்பார். இரண்டு மொழியிலும் ஒரே சொல், ஒரே கொஞ்சம் இளக்காரம். படத்தில் அந்தப் பெண்ணின் அப்பா ரயில் எஞ்சின் டிரைவர், அடூர் பாஸி. பாட்டி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம காலனியில வந்து எடுத்திருக்கானுக" என்று கடைசிவரை சாதித்தார். யாரும் மறுக்கவில்லை. இதையே 'ஜூலி' என்று இந்தியிலும் சேதுமாதவன்தான் எடுத்தார், 1975. இரண்டிலும் லட்சுமி.

பாபு ரசிகன் (மீனாட்சிபுரம்)

எல்லாரும் விருது விருது என்கிறீர்கள். 'ஓடையில் நின்னு' தமிழில் 'பாபு' ஆன கதையை யாரும் பேசவில்லையே. மலையாளத்துச் சத்யனால் சிவாஜி மாதிரி ரிக்‌ஷா இழுக்க முடியுமா?

ரீல்பெட்டி

இரண்டையும் ஓட்டியவன் சொல்கிறேன். சிவாஜி இழுக்கும்போது ஜனம் அவருக்காக அழும். சத்யன் இழுக்கும்போது ஜனத்துக்கே கை வலிக்கும். வெளியே வந்து சோடா கேட்பார்கள், பேச மாட்டார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள், நான் சிவாஜி ரசிகர் மன்றத்தில் சந்தா கட்டியவன்.

பாபு ரசிகன்

பெரியவர் கைராசிக்கு மரியாதை. விட்டுவிடுகிறேன்.

நகரி மாமா (சித்தூர் ஜில்லா, ஆந்திரா)

சித்தூர் டீச்சர் என்று பார்த்ததும் நம் ஊர் ஆள் என்று ஓடி வந்தேன். பார்த்தால் பாலக்காட்டுச் சித்தூர்! பரவாயில்லை, இரண்டு சித்தூரிலும் தமிழ் எல்லைக்கு வெளியேதான் மாட்டிக்கொண்டது.

எங்கள் பக்கமும் அவருக்குப் பங்கு உண்டு. 1995-ல் 'ஸ்த்ரீ' என்று ஒரு தெலுங்குப் படம். பாலகும்மி பத்மராஜு எழுதிய 'படவ பிரயாணம்' என்ற கதை. கோதாவரியில் ஒரு படகு, அதில் ஒரு பெண், அவளை அடிக்கிற ஏமாற்றுகிற ஒருத்தன், அவனை விட முடியாத அவள். ரோகிணியும் தலைவாசல் விஜயும். சிறந்த தெலுங்குப் படம் என்று தேசிய விருது வந்தது, ரோகிணிக்கும் சிறப்புக் குறிப்பு. எனக்கு அதில் மறக்காதது அந்தப் படகின் வேகம். துடுப்பும் கயிறும் எவ்வளவு மெதுவாகப் போகுமோ படமும் அவ்வளவு மெதுவாகப் போகும். என் தம்பி பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். நான் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புத்தூரில் எனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தார். இயக்கியவர் தெலுங்குக்காரர் இல்லை என்று சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "படகில் அவள் பேசுகிற பேச்சை வெளி ஆள் எடுக்க முடியாது" என்றார்.

சித்தூர் டீச்சர்

நகரி மாமா, இதைவிடப் பெரிய பாராட்டு எந்த விருதுக்குழுவும் எழுதியிருக்காது. நேர்கோடு கவனிக்கவும்.

நேர்கோடு

கவனித்தேன்.

மூணாம் பீரியட் (பொள்ளாச்சி, கல்லூரி ஆசிரியன்)

'நம்மவர்' பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன். 1994 தீபாவளி. நான் அப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. கமல் பேராசிரியராக வருகிறார், டிரம்ஸ் வாசிக்கிறார், கரண் ரௌடி மாணவன், நாங்கள் கத்திக்கொண்டு பார்த்தோம். பிறகு நாகேஷ் காட்சி வந்தது. மகள் செத்துக் கிடக்கிறாள். கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசுகிறார், அழுகை எது பேச்சு எது என்று பிரிக்க முடியாது. தியேட்டரில் யாரோ பழக்கதோஷத்தில் நாகேஷ் என்று சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். அந்தப் பாதிச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நாகேஷுக்கு அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம்.

இப்போது நானே பாடம் எடுக்கிறேன். பசங்களிடம் கேட்டால் அது கமல் படம். யார் இயக்கம் என்றால் அதுவும் கமலோ என்பார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1962-ல் 'கண்ணும் கரளும்', கமலுக்கு ஏழு வயது, குழந்தை நட்சத்திரம். 1974-ல் எம்.டி. எழுதிய 'கன்யாகுமாரி', கமல் பத்தொன்பது வயது நாயகன். 1994-ல் 'நம்மவர்', கமல் நாற்பதை எட்டியிருக்கிறார். மூன்றுக்கும் இயக்குநர் சேதுமாதவன். ஒரே ஆளை இப்படி மூன்று வயதில் கேமராவுக்கு முன் நிறுத்தியவர் அதிகம் பேர் இருக்க முடியாது.

கருப்பட்டி காபி

மம்மூட்டி முதன்முதலில் திரையில் தலைகாட்டியதும் இவர் படத்தில்தானே? 'அனுபவங்கள் பாளிச்சகள்', 1971, கூட்டத்தோடு கூட்டமாக. சுரேஷ் கோபி குழந்தையாக வந்தது 'ஓடையில் நின்னு'வில். எஸ்.பி.பி. மலையாளத்தில் முதலில் பாடியது 'கடல்பாலம்' படத்தில். மனிதர் என்ன வாசற்படியா, எல்லாரும் மிதித்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள்!

ஏலப்புள்ளி மாப்பிள்ளை

அந்த வரிசையில் எங்கள் ஊர்க்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பணிதீராத்த வீடு' படத்தில் எம்.எஸ்.வி. இசை மட்டுமில்லை, 'கண்ணுநீர்த்துள்ளியே' என்று அவரே பாடியும் இருக்கிறார். மாமனார் குளிக்கும்போது பாடுகிற ஒரே மலையாளப் பாட்டு அது. தமிழ் உச்சரிப்பில் பாடுவார், வீட்டில் மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

எல்லைக்கல்

இழை நான் நினைத்ததைவிட நன்றாகப் போகிறது. இப்போது 'மறுபக்கம்' பார்த்த கதையைச் சொல்லிவிட்டு, முதலில் பாக்கி வைத்த பதிலையும் சொல்கிறேன்.

நான் அதைக் கொட்டகையில் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது டிவியில். அன்றைக்கு எங்கள் பக்கம் தமிழ் வேண்டுமென்றால் ஆன்டெனாவைக் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்ப வேண்டும், மலையாளம் வேண்டுமென்றால் வேறு பக்கம். கூரை மேல் நான், ஜன்னலில் தங்கை, உள்ளே அம்மா. "வந்துச்சா?" "புள்ளி தெரியுது." "இப்ப?" "ஆளு தெரியுது, தலை இல்ல." இப்படியே பாதிப் படம் போகும். அன்று அதிசயமாகக் காற்றில்லை, படம் தெளிவாக நின்றது.

பக்கத்து வீட்டுச் சேச்சியும் வந்திருந்தார். சேதுமாதவன் என்ற பெயரைக் கேட்டு, ஜெயபாரதி நடித்தது என்று தெரிந்து, மலையாளப் படம் என்று நினைத்து வந்துவிட்டார். பார்த்தால் கும்பகோணம். வேம்பு ஐயராக சிவகுமார் படுத்த படுக்கையில். டெல்லியிலிருந்து மகன் வந்திருக்கிறான். அவனுக்கு வேற்று மதப் பெண்ணோடு காதல், வீட்டில் ஒப்பவில்லை. அப்பாவுக்கோ தன் தாயின் சொல்லுக்காக முதல் மனைவியை விட்ட பழைய கணக்கு ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. ஒன்றரை மணி நேரப் படம்தான்.

சேச்சிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், சந்தைத் தமிழ். அக்கிரகாரத் தமிழ் தெரியாது. "மடி என்னு பறஞ்ஞால் என்தா?" என்று அம்மாவைக் கேட்டார். எங்களுக்கும் அது வீட்டுச் சொல் இல்லை, நாங்கள் வேளாண்மைக்காரர்கள். அம்மா கொஞ்சம் யோசித்து, "குளிச்சுட்டு யாரையும் தொடாம இருக்கறது" என்றார். சேச்சி, "ஓ, நம்மளெ சுத்தம்" என்றார். பிறகு அதேபோல ஐந்தாறு சொல். படம் முடியும்போது சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இது பாலக்காட்டு அக்ரஹாரத்தில் நடந்ததுதான்" என்றார். அம்மா, "கும்பகோணம்னு போட்டானே" என்றார். சேச்சி ஏற்கவில்லை.

கருப்பட்டி காபியின் பாட்டி, நகரி மாமாவின் வாத்தியார், எங்கள் சேச்சி. மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: இது எங்கள் இடம், வெளி ஆள் எடுத்ததில்லை. நான் பாக்கி வைத்த பதிலும் அதுவே. தமிழ்க்காரன் பார்த்தால் தமிழ்ப் படம், தெலுங்குக்காரன் பார்த்தால் தெலுங்குப் படம். நடுவில் இயக்குநர் எங்கே என்று தேடத் தோன்றாது. சந்தையில் மூன்று மொழியில் மாட்டு விலை பேசுகிற எங்கள் ஊர்த் தரகருக்கு எந்த மொழியும் சொந்த மொழி என்று யாரும் சொல்வதில்லை, அதுபோல. இழந்தது பெயர்தான். நேர்கோடு கேட்ட கைரேகை அவர் தானே துடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

நேர்கோடு

துடைத்த கைரேகை என்பது வாதத்துக்கு வசதியான வாதம், எல்லைக்கல். எதையும் அப்படிச் சொல்லிவிடலாம். கைரேகையே இல்லாத எத்தனையோ சுமார் இயக்குநர்கள் இருக்கிறார்களே, அவர்களும் துடைத்தவர்களா? அவர் படங்கள் எல்லாமே ஒரே தரம் என்றும் சொல்ல முடியாது. அறுபதுகளில் எடுத்தவற்றில் ஸ்டூடியோ அரங்கின் சாயம் அப்பிய படங்கள் உண்டு. 'நாளை நமதே'யில் அவர் எம்.ஜி.ஆருக்குக் கேமரா பிடித்தார், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'மறுபக்க'த்துக்கு அவருக்குத் திரைக்கதைக்கான தேசிய விருதும் உண்டு. கதை இன்னொருவருடையது, திரைக்கதைக்கு விருது இவருக்கு. அப்படியென்றால் அந்த நாவலிலிருந்து படத்துக்கு இடையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நாவலை நாளை நூலகத்தில் எடுக்கிறேன். படம் யாரிடமாவது இருக்கிறதா?

மூணாம் பீரியட்

எங்கள் துறையில் ஒரு பிரதி இருக்கிறது. பென்டிரைவில் கொண்டுவர முடியும்.

எல்லைக்கல்

அப்படியானால் வருகிற ஞாயிறு அந்தப் பக்கத்து ஊர் வாசகசாலையிலேயே போடலாம். அதே வினாடி வினா நடந்த மேசை. அட்டைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றார், முகம் கொஞ்சம் சரியில்லை. டிவி இருக்கிறது. ஸ்பீக்கர் யாராவது கொண்டுவந்தால் நல்லது. பெரியவர் ரீல்பெட்டி வருவாரா?

ரீல்பெட்டி

வருகிறேன். பென்டிரைவில் எல்லா ரீலும் இருக்கிறதா என்று அந்தத் தம்பியை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் என்னால் சைக்கிள் மிதிக்க முடியாது.

மூணாம் பீரியட்

கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டேன் ஐயா, முழுசாக இருக்கிறது. தமிழ் வசனம் மட்டும்தான், மலையாள சப்டைட்டில் கிடையாது.

எல்லைக்கல்

பரவாயில்லை. சேச்சி வருகிறார், இப்போது எழுபத்தெட்டு வயது, காதும் கொஞ்சம் மந்தம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வார். ஆறரைக்கு ஆரம்பம்.